வீட்டுக்கு ஒரு ஜிமெயில்

இரத்தினபுரியிலிருந்து வந்த பஸ்ஸில் பாதிக்கு மேல் இடம் காலியாகக் கிடந்தது. நான் மட்டும் நின்றுகொண்டு வந்தேன்.

கொண்டக்டர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை பொறுக்க முடியாமல், "வாடிவென்ன மல்லி, சீட் தியெனவனே" என்றார். உட்காரு தம்பி, சீட்தான் இருக்கே என்கிறார். "கமக் நே அய்யே", பரவாயில்லை அண்ணே என்று சொல்லிவிட்டு, கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்று காலையில் இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக ஊசி போட்டிருந்தார்கள். அதை எப்படி அவரிடம் சொல்வது? சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் வெட்கம் ஒன்றுதான்.

வெளியே மழை. குருவிட்டை கடைத்தெருவில் யாரோ ரம்புட்டான் குவியலுக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு லேசாக இருந்தது. பல வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. இனிச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், தடயத்தை அழிப்பது.

போனை எடுத்தேன். இத்தனை நாளாக நான் கூகுளில் தேடியதெல்லாம் ஒரு பட்டியலாக அதற்குள் இருக்கும், அதை மொத்தமாக அழிக்கலாம் என்று ஒருவர் சொல்லித் தந்திருந்தார். அவர் யார் என்று பிறகு சொல்கிறேன். அவர் சொன்ன இடத்தைத் தட்டினேன். பட்டியல் விரிந்தது.

முதல் வரியே நான் தேடியதல்ல.

"சிபிலிஸ் ஊசி ரொம்ப வலிக்குமா" என்று இருந்தது. நேரமும் பக்கத்திலேயே இருந்தது, அன்று காலை பத்தரை மணி. பத்தரை மணிக்கு நான் கிளினிக்கில் குப்புறப் படுத்திருந்தேன். போன் காற்சட்டைப் பையில், காற்சட்டை முழங்காலில்.

அசிட்டின் மேல் பழி

கதையை உள்ளங்கையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் இறப்பர் பெக்டரியில் வேலை. தொட்டியில் ஊற்றிய பாலில் அசிட் கலந்து உறைய வைத்து, உறைந்ததை உருளையில் கொடுத்துச் சீட்டாக்கி, புகையறையில் தொங்கவிடுவோம். வீட்டுக்கு வந்து எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் அந்தப் புளித்த வாடை போகாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் ஆள் கரவனெல்லைக்காரரா வெளியூர்க்காரரா என்பதை அவர் மூக்கைச் சுளிக்கும் வேகத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

ஒருநாள் கையைக் கழுவும்போது பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் செம்பு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். அரிப்பு இல்லை, வலி இல்லை. இரவில் பார்த்தால் உள்ளங்காலிலும் அதே.

"அசிட்டு பட்டிருக்கும்டா" என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். தோட்டத்து டிஸ்பென்சரிக்காரரும் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அசிட்தான். கிளவுஸ் போடச் சொன்னா யாரு கேக்குறீங்க?" என்று ஒரு களிம்பைத் தந்தார். பாவம் அசிட், செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தது. காலுக்கு எப்படி அசிட் வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு உள்ளுக்குள் தெரியும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் மறைவிடத்தில் ஒரு புண் வந்தது. வலிக்கவே இல்லை. சில வாரத்தில் தானாகவே ஆறிவிட்டது. வந்த விருந்தாளி சொல்லாமல் போய்விட்டான், நல்லதாய்ப் போயிற்று என்று இருந்துவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

கூகுள் வைத்தியர்கள்

கரவனெல்லையிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே துணி வெளுக்கிற இடத்திலிருந்து மருந்து கொடுக்கிற இடம் வரை எங்கள் தோட்டத்து ஆட்கள். கேகாலைக்குப் போனால் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் மூன்று சொந்தக்காரர்கள், "என்னா மோகனு, இந்தப் பக்கம்?" என்பார்கள். அதனால் போனிடம் போனேன். போன் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

எழுத வெட்கப்பட்டு, தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்குப் பின்னால் நின்று வாயைப் போனிடம் வைத்துக் கேட்டேன். "ஆம்பளையும் ஆம்பளையும் சேந்தா என்ன நோய் வரும்?"

தமிழ்நாட்டிலிருந்து ஒரு வைத்தியர் வந்தார். நெற்றி நிறைய விபூதி, மேசை நிறையப் புட்டிகள். இளமையில் செய்த தவறுகளுக்கு நாற்பத்தெட்டு நாள் லேகியம் என்றார். அடுத்தவர், இதெல்லாம் போன பிறவியின் பாவம், இன்ன கிரகம் இன்ன வீட்டில் இருப்பதால் வருகிறது என்றார். இன்னொருவர் திட்டினார், வெறுமனே திட்டினார். இலட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நான் கேட்டது கைப் புள்ளியைப் பற்றி. இவர்கள் எல்லோரும் என் பிறப்புக்கே வைத்தியம் பார்க்கிறார்கள். ஒரு மனுசன் பயந்துபோய்க் கேள்வி கேட்டால், அதற்குப் பதில் சொல்லுங்களேன்.

கடைசியில் படங்களைத் தேடினேன். யாரோ ஒருவருடைய உள்ளங்கை. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சில் வார்த்ததுபோல அப்படியே இருந்தது. கீழே இங்கிலீசில் ஒரு வார்த்தை. எழுத்துக்கூட்டி வாசித்தேன், சிபிலிஸ்.

அந்த வார்த்தையைச் சிங்களத்தில் தேடியபோதுதான் மனிதக் குரல் கிடைத்தது. ஒரு பக்கத்தில், பெயர் சொல்லாமல் கேட்கலாம் என்று ஒரு சின்னக் கட்டம். சிங்களத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, "நான் ஆம்பளையோட இருக்கிற ஆள், கையில புள்ளி, சாவேனா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூன்று புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன. பிறகு பதில் வந்தது. சாக மாட்டீர்கள். இதற்கு மருந்து இருக்கிறது, ஊசி. பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே கிளினிக் உண்டு, பணம் வேண்டாம், அடையாள அட்டை கேட்க மாட்டார்கள், பெயருக்குப் பதில் நம்பர் தருவார்கள். எச்ஐவிக்கும் சேர்த்து இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு வரி. "தனியாகப் போகப் பயமாக இருந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்." அதைப் படித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. சாக மாட்டாய் என்றபோதுகூட வரவில்லை.

நாற்பது மீட்டர்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் பதுளையிலிருந்து பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். 'தம்பி அந்த ஆளைப் பற்றி எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று வாரக்கணக்காக ஏய்க்கிறார்' என்று. சரி ஐயா, இதோ.

எங்களைப் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கப் போனில் ஒரு ஆப் உண்டு. அது முகத்தைக் காட்டுகிறதோ இல்லையோ, தூரத்தைக் காட்டும். எங்கள் மலையில் நான் திறக்கும்போதெல்லாம் முப்பத்தெட்டுக் கிலோமீட்டர், ஐம்பத்தைந்து கிலோமீட்டர் என்றுதான் வரும். எல்லாரும் கொழும்புப் பக்கம். ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், நாற்பது மீட்டர் என்று காட்டியது.

எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தேன். பெக்டரியைச் சுற்றி நாற்பது மீட்டருக்குள் இருந்தது பெரிய கங்காணி, தோட்டத்துத் துரை மாதிரி மிடுக்காக நடக்கும் ஒரு கிளார்க், இரண்டு நாய்கள். பிறகுதான் வாசலருகே இறப்பர் சீட் ஏற்ற வந்த லொறியைப் பார்த்தேன். டிரைவர் படியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, போனையும் பெக்டரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே நாற்பது மீட்டர்.

அவர் பெயர் நிஹால், எஹலியகொடைக்காரர், சிங்களவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், என் பெயரையும்கூட. சட்டப் புத்தகத்தில் எங்களைக் குற்றவாளிகளாக்கும் ஒரு பழைய வரி இன்னும் கிடக்கிறது. மலையேறி இறங்குகிற லொறியை ஒற்றைக் கையால் திருப்புவார், ஊசி என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும். தேடியதை அழிக்கும் வழியைச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

நாங்கள் ஒருவரையொருவர் காண்பதற்கு முன் இருவருமே கொஞ்சம் திரிந்தவர்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நம்பர்

தெரிந்த முகம் இல்லாத ஊர் என்று இரத்தினபுரிக்கு முதல் தடவை போனது சோதனைக்கு இரத்தம் கொடுக்க. கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ் என் பெயரைக் கேட்கவில்லை. ஒரு அட்டையில் நம்பர் எழுதித் தந்தார். யாரோடு உறவு, ஆணா பெண்ணா என்று கேட்டார். மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில் எல்லாம் மறந்துபோய், "பிரிமி" என்றேன். ஆண்கள் என்று பொருள். அவர் எழுதிக்கொண்டார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன், அவரோ மையில்லாத பேனாவை உதறிக்கொண்டிருக்கிறார். அந்தச் சாதாரணம் எனக்கு எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் முடிவு. எச்ஐவி இல்லை, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்ப்போம் என்றார் டொக்டர். சிபிலிஸ் உண்டு. ஒரே நாளில் இரண்டு ஊசி, அவ்வளவுதான். "பய வென்ன எபா மல்லி" என்று மிஸ் சொன்னார். பயப்படாதே தம்பி. சொல்லிக்கொண்டே குத்தியும் விட்டார்.

கிளம்பும்போது நிஹாலுக்குக் கொடுக்க ஒரு சின்னத் துண்டுச் சீட்டு தந்தார்கள். துணைக்கும் மருந்து போடாவிட்டால் திரும்ப வரும் என்றார்கள்.

வீட்டுக்கு ஒன்று

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். எஹலியகொடையைத் தாண்டியாயிற்று. நான் இன்னும் நின்றுகொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் அவர் தேடுவது டோர்ச் வெளிச்சம் ஒன்றைத்தான். அப்படியானால் யார்?

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு ஆள் முகவரி கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு வரும். லயத்து வரிசை வீடுகளிலிருந்து யார் அந்தப் பக்கம் போகிறார்களோ அவர்கள் எல்லாருடையதையும் வாங்கி வருவார்கள். பிரித்து வாசித்து, வரும் வழியிலேயே சேதியைச் சொல்லிக்கொண்டும் வருவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது, பஜாரில் ரியாஸ் நானா கடையில் அவளுக்கும் எனக்கும் ஒரே நாளில் போன் வாங்கினோம். நானா கேட்டார், "ஜிமெயில் ரெண்டு பேருக்கும் வேற வேறயா போடவா தங்கச்சி?"

"எதுக்கு நானா ரெண்டு? ஒரே வீடுதானே. வீட்டுக்கு ஒண்ணு போதும்" என்றாள் அக்கா.

நானும் தலையாட்டினேன். பீலிக்குழாய் வீட்டுக்கு ஒன்று, மீட்டர் வீட்டுக்கு ஒன்று, ஜிமெயிலும் ஒன்று. செத்துப்போன அம்மாவின் பெயரைப் பாஸ்வேர்டாகப் போட்டோம். அதற்குப் பிறகு என் யூடியூப்பில் அரபுச் சட்டை மடிக்கும் முறை, முடி உதிர்வுக்கு வெந்தயம், சீரியல் என்று வந்துகொண்டே இருந்தது. போனுக்குக் கிறுக்கு என்று நினைத்தேனே தவிர, இது அக்கா பார்ப்பது என்று இந்த மண்டையில் ஏறவில்லை. அப்படியானால் அவளுடைய போனில் என்னென்ன வந்திருக்கும்? அந்த லேகியக்காரர்கள், அந்தத் திட்டுக்காரர், அந்தக் கை.

அக்கா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசுவாள். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள், சட்டை தைத்தவள், அடித்தவள் எல்லாம் அவள்தான். கடந்த இரண்டு வெள்ளியும் அவள் பேசவில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று சின்னதாக ஒரு வொய்ஸ் மெசேஜ், அவ்வளவுதான். நானும் என் கவலையில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது விளங்கியது, அவள் என்னைத் தவிர்த்திருக்கிறாள்.

ஊசி நோயைத் தீர்த்துவிடும். அக்கா போய்விட்டால் நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவேன்?

அக்கா தேடியவை

கீழே இருந்து மேலாக வாசித்தேன். என் கேள்விகளுக்கு நடுவே அவளுடையவை. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்.

"தம்பி ஆம்பளைய விரும்புனா என்ன செய்யணும்." "இது யாரு செஞ்ச குத்தம்." "கல்யாணம் கட்டி வச்சா சரியாகுமா." அந்த இடத்தில் எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மேலே போனேன். "அம்மா இல்லாத பிள்ளைக்கு இப்படி ஆகுமா." அது முழுதாக நான்கு தடவை இருந்தது, நான்கு வேறு நாட்களில்.

அதற்கு மேலே கேள்விகள் மாறியிருந்தன. "மாத்த முடியாதுன்னு டாக்டர் சொல்றது உண்மையா." "சிபிலிஸ் செத்துப் போவாங்களா." "எச்ஐவி உள்ளவங்க எத்தன வருசம் இருப்பாங்க." "இரத்தினபுரி ஆஸ்பத்திரி கிளினிக் எந்த நாள்." நான் பயந்து பயந்து தேடிய அதே பாதையில், ஒரு நாள் பிந்தி, அவள் என் பின்னாலேயே வந்திருக்கிறாள். கூட யாரையாவது கூட்டிப் போ என்று அந்தப் பக்கத்தில் சொன்னார்களே, ஆள் ஒன்று வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஊசி வலிக்குமா என்பதற்குச் சற்று முன்னால், முந்தின நாள் மாலையில், ஒன்று.

"தம்பிகிட்ட இத எப்படி கேக்குறது."

அவிசாவளையில் பஸ் மாற வேண்டும். நான் இறங்க மறந்து நின்றேன். கொண்டக்டர்தான் தோளைத் தட்டினார்.

எதையும் அழிக்கவில்லை. கரவனெல்லை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, தேடுகிற அதே கட்டத்தில் விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். "அக்கா ஊசி போட்டாச்சு. கொஞ்சம்தான் வலி. எச்ஐவி இல்ல." தேடு என்பதை அழுத்தினேன். கைக்குழந்தைகளுக்கு எந்த மாதம் என்ன தடுப்பூசி என்று கூகுள் விவரமாகச் சொன்னது.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை பின்நேரம் வீடியோ கோல் வந்தது. அப்பா விறகுக்குப் போயிருந்தார். நான் லயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லுக்கு ஓடினேன், அங்கேதான் சிக்னல் நிற்கும்.

அக்கா துணி தேய்க்கிற அறையில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. வணக்கமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை.

"கையக் காட்டு."

போனைக் கல்லில் சாத்திவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன்.

"கிட்ட கொண்டாடா. ஒண்ணும் தெரியல."

கிட்டக் கொண்டுபோனேன். நிறைய நேரம் பார்த்தாள்.

"மங்கியிருக்கு" என்றாள்.

"ஆமாக்கா. ரெண்டு மூணு வாரத்துல போயிடுமாம்."

"அப்பா?"

"அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரிய வேணாம். இப்ப வேணாம்." ஒரு சட்டையை எடுத்தாள், மடித்தாள், திரும்பப் பிரித்தாள். "ரெண்டு வெள்ளி பேசலயே, கோவம்னு நெனச்சியா?"

நான் போனைக் கல்லில் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தேன்.

"கோவம் இல்லடா. மொத நாளு அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். பொறவு பயம். நான் ஏதாச்சும் தப்பா கேட்டு, நீ போன வச்சிட்டு, அப்பறம் எடுக்காமலே போயிட்டீனா? இங்க இருந்து நான் ஓடி வர முடியுமா? அதான் போன்கிட்டயே கேட்டுப் பாத்தேன். அதுக்கும் தெரியல."

"எனக்கும் தெரியலக்கா" என்றேன். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டேன். அவளும் கையிலிருந்த சட்டையால் துடைத்தாள், யார் வீட்டுச் சட்டையோ.

அவள் பக்கம் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம். பிறகு அவள் தொண்டையைச் செருமினாள். எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது பெரியவர்கள் அப்படித்தான் செருமுவார்கள்.

"ஒண்ணு வாசிச்சேன். ஒனக்கு மட்டும் போட்டா பத்தாதாம். கூட இருக்கிறவங்களும் போட்டுக்கணுமாம்."

"ம்."

"அவருக்கும் ஊசி போட்டாச்சா?"

அவரு என்றாள். யாரென்று தெரியாத ஒருவரை, பெயர்கூடக் கேட்காமல், இந்த வீட்டு மனுசனைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இல்லக்கா. செவ்வாக்கிழமதான் போறாரு. ஊசின்னா அவருக்குப் பயம்."

அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப தனியா அனுப்பாத. லீவு போட்டுட்டு நீயும் கூடப் போ."